நாலு நாற்காலி

காந்தி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில்
வங்காள எழுத்தில் பெயர் வைத்த மூன்று லாட்ஜுகளைத் தாண்டினால்
அந்த மெஸ்.
மாதம் ஒருமுறை
வாலாஜாவிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவோம்.
வெறும் வயிற்றில் அவருக்கு ஒரு ரத்தம்,
சாப்பிட்டு இரண்டு மணி கழித்து இன்னொன்று.
நடுவில் இட்லி.

இரண்டு பேர் மேசை அங்கே கிடையாது.
நாலு நாற்காலி, காலியானதில் யாரும் உட்காரலாம்.
காலை எட்டரைக்கு
பாதிப் பேர் முழங்கை மடிப்பில் பஞ்சை இறுக்கிக்கொண்டு
மறு கையால் கரண்டி பிடித்திருப்பார்கள்.
நாங்கள் பக்கத்துப் பக்கத்தில்,
எதிரே வருகிறவர்கள்.

எனக்குப் பிடிக்காது.
முன்பின் தெரியாதவர் பார்க்க வாயைத் திறப்பது
ஓடுகிற பஸ்ஸில் தலை வாருகிற மாதிரி.
அவருக்குப் பிடிக்கும்.
இலை விழுவதற்குள்
'தனகோட்டிங்க, வாலாஜா' என்று ஆரம்பித்துவிடுவார்.

வீட்டில் சாப்பிடும்போது அவர் சொல்வது
உப்பு, போதும்.
பையன் ஓசூருக்குப் போன பிறகு
உப்பும் சொல்வதில்லை, தானே எழுந்து எடுத்துக்கொள்கிறார்.

பலமனேர் மாம்பழ வியாபாரியிடம் சொன்னார்,
பதினோரு வயதில் வீட்டை விட்டு ஓடி
காட்பாடி ஜங்ஷனில் இரண்டு ராத்திரி படுத்ததை.
நான் வடையைப் பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.
எந்த பிளாட்பாரம் என்று கேட்க நினைத்தேன்,
வியாபாரியே கேட்டுவிட்டார்.

மால்டாவிலிருந்து வந்தவரோடு இந்தியில் பேசினார்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்,
என் புருஷனுக்கு இந்தி தெரியும்.
ராணிப்பேட்டையில் தோல் உலர்த்தும் பீகார்ப் பையன்களிடம் கற்றதாம்.
மால்டாக்காரர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினேன்.
எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

போன மாதம் எதிரே தன்பாத்துக்காரர்,
மடியில் மகளின் எக்ஸ்ரே உறை.
இவர் வழக்கத்தைவிட மெல்லப் பேசினார்.
பேச்சு எனக்குப் புரியவில்லை.
நடுவில் ஒரு சொல் புரிந்தது: பந்த்.
கம்பெனி என்ற சொல் எல்லா பாஷையிலும் கம்பெனிதான்.
பிறகு மூன்று விரல்,
சாம்பார் ஒட்டியிருந்த மூன்று விரல்.
தன்பாத்துக்காரர் சட்டென்று என்னைப் பார்த்தார்,
சட்டென்று இலையைப் பார்த்தார்.

மூன்று மாதமாக
தினமும் ஏழரைக்கு டிபன் பாக்ஸ் எடுத்துப் போகிறார்.
சாயந்திரம் கழுவியே வருகிறது.
எங்கே உட்கார்ந்து,
யாரோடு?

நான் கேட்கவில்லை.
பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவருக்கு விட்டேன்.
பாலாறு முழுக்க மணல்.

இன்று விடிய விடிய மழை.
மெஸ்ஸில் ஈரக்குடை இரண்டு, எங்களுடையவை.
எதிரே காலி நாற்காலி இரண்டு.
அவர் வாசலையே பார்த்தார்,
ஒரு ஃபைல், ஒரு பஞ்சு, யாராவது.
இட்லி ஆறியது.
யாரும் வரவில்லை.

எழுந்தேன். இலையை அப்படியே இழுத்துக்கொண்டு
மேசையைச் சுற்றிப் போனேன்.
'இங்க யாராச்சும் வராங்களா?'

கொஞ்ச நேரம் பார்த்தார்.
'இல்ல, உக்காருங்க' என்றார்.
உக்காருங்க.

'எந்த ஊருங்க?'
'வாலாஜா.'
'இன்னா வேலை பாக்கறீங்க?'

வெளியே ஆட்டோ ஒன்று தண்ணீரை வாரி அடித்துப் போனது.
சப்ளையர் முரளி வாளியோடு வந்து நின்று
'சாம்பார்?' என்றான்.
சாம்பாருக்கு ஒருநாளும் வேண்டாம் சொல்லாத மனுஷன்
இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தார்.
'அப்பறம் வாப்பா,
பேசிகினு இருக்கோம்.'